மாநிலச் சுற்றுலா விளம்பரத்துக்கான பணம் எங்கிருந்து வர வேண்டும்?

வாசகர் கேள்வி: 4 ஆகஸ்ட் 2025

சுற்றுலா விளம்பரத்துக்கு மாநில அரசு செலவிடும் பணம் வீண் என்பது என் கருத்து. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு வரும் இலட்சக்கணக்கான மக்களில் எவரும் விளம்பரம் பார்த்துவிட்டு வருவதில்லை. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் யாரும் அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் கழிப்பறையும் குடிநீரும் அமைத்தால் போதாதா? வெளிநாட்டுக் கண்காட்சிகளாலும் வண்ணப் படங்களாலும் யாருக்கு இலாபம்? தொழிலில் இருப்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

5 ஆகஸ்ட் 2025

காவிரிப் படுகையிலும் தென் மாவட்டங்களிலும் சிறு குழுக்களை அழைத்துச் செல்லும் பயண நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கிரிவலத்துக்கு விளம்பரம் தேவையில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிரிவலம் வருபவர்களில் பெரும்பாலோர் இரவெல்லாம் நடந்துவிட்டு விடியற்காலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளுவதும் குடிநீர் வழங்குவதும் அந்த ஊரின் பொறுப்பு. ஊருக்குக் கிடைப்பதோ ஒரு தேநீர், ஒரு சிற்றுண்டி, கொஞ்சம் கற்பூரம். சுற்றுலாத் துறையின் வேலை கூட்டத்தை வரவழைப்பது என்று வைத்துக்கொண்டால் நம் மாநிலத்துக்கு அத்துறையே தேவையில்லை. வந்தவரை இன்னும் ஓர் இரவு தங்க வைப்பதும், ஒரே ஊரில் குவியும் கூட்டத்தைப் பக்கத்து ஊர்களுக்கும் பகிர்ந்து அனுப்புவதும், ஆண்டில் நான்கு மாதம் காலியாகக் கிடக்கும் அறைகளை நிரப்புவதும் அதன் வேலை என்று கொண்டால் கேள்வியே மாறிவிடுகிறது.

இன்று நம் அரசு எதைத் தன் வெற்றியாக எண்ணுகிறது என்று பாருங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2018இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 38.59 கோடி. நாட்டிலேயே முதலிடம். அதே ஆண்டில் கேரளத்தின் எண் 1.56 கோடி. நாம் கேரளத்தைப் போல் இருபத்தைந்து மடங்கு பெரிய சுற்றுலா மாநிலம் என்று இத்தொழிலில் இருக்கும் எவரும் நம்ப மாட்டார்கள்.

5 ஆகஸ்ட் 2025, இரவு

மேலே உள்ளதற்கு ஒரு விளக்கம். அந்தக் கணக்கில் எண்ணப்படுவது ஆட்கள் அல்லர், வருகைகள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம் என்று ஒரே பயணத்தில் மூன்று ஊர் போகும் குடும்பம் ஊருக்கு ஒரு முறை எண்ணில் ஏற வாய்ப்புண்டு. மேலும், ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் திரட்டி அனுப்பும் எண்களையே அமைச்சகம் தொகுக்கிறது. ஆகவே இரு மாநிலங்களை இந்த எண்ணால் ஒப்பிடுவது சரியாகாது. ஒரே மாநிலத்தின் போக்கை ஆண்டுக்கு ஆண்டு பார்க்க ஓரளவு உதவும், அவ்வளவே.

8 ஆகஸ்ட் 2025

"வளர்ச்சிக் கழகம் எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பலருக்கு இந்த அமைப்பு விளங்குவதில்லை.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் படகுக் குழாம்கள், பேருந்துச் சுற்றுலாப் பயணங்கள், தீவுத்திடல் பொருட்காட்சி ஆகியவற்றின் வருவாயில் அது இயங்குகிறது. விளம்பரம், திருவிழாக்கள், கண்காட்சிகளில் பங்கேற்பு, வழிகாட்டிகளுக்கான பயிற்சி, தனியார் முதலீட்டுக்கான சலுகை ஆகியவை சுற்றுலாத் துறையின் பணி. அதற்கான பணம் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கை வழியாக வருகிறது. நீண்ட காலமாக இரண்டுக்கும் தலைமை வகிப்பவர் ஒரே அதிகாரிதான்: துறையில் ஆணையர் அல்லது இயக்குநர், கழகத்தில் மேலாண்மை இயக்குநர்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. கழகத்தின் கணக்கு அதன் சொந்த அறைகளும் படகுகளும் ஈட்டும் தொகையைக் காட்டும். துறையின் கணக்கு ஒதுக்கிய தொகை செலவாகிவிட்டதா என்பதைக் காட்டும். ஆனால் கும்பகோணத்தில் இருபது அறை வைத்திருக்கும் ஒரு தனியார் விடுதியில் சராசரித் தங்கல் ஓர் இரவிலிருந்து இரண்டு இரவாக உயர்ந்தால் அது எந்தக் கணக்கிலும் தென்படாது. அவ்வுயர்வால் துறைக்கு அடுத்த ஆண்டு ஒரு ரூபாய் கூடக் கூடுதலாக வராது. தங்கல் குறைந்தாலும் ஒரு ரூபாய் கூடக் குறையாது. அதிகாரிகளின் திறமையையோ நேர்மையையோ நான் குறை சொல்லவில்லை. உழைப்பவர்கள் பலரை நேரில் அறிவேன். எதை அளந்தால் தமக்குப் பணம் வருமோ அதையே எந்த அமைப்பும் அளக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

கேரளத்திலும் விடுதிகள் நடத்தும் கழகம் உண்டு. ஆனால் அங்கே விளம்பரத்தின் முகமாகத் துறையே நின்றது. 1986இல் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தார்கள். 1989இல் 'கடவுளின் சொந்த நாடு' என்ற வாசகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தும் அதைக் கைவிடவில்லை. நம் வாசகங்கள் எத்தனை முறை மாறியிருக்கின்றன என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் என் தொழிலிலேயே அதிகம் பேர் இல்லை.

12 ஆகஸ்ட் 2025

விளம்பரத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்ததே அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே சுற்றுலா சார்ந்த விற்பனைகளின் மீது 0.2 சதவீத வரி இருந்தது. அதைக் கொண்டே மாநிலச் சுற்றுலா வாரியம் இயங்கியது. 1993இல் அந்த வரியைத் தொடர வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 1.2 கோடி டாலராக இருந்த விளம்பர நிதி பூஜ்யமாயிற்று, வாரியமும் மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் பயணச் சந்தையில் அம்மாநிலத்தின் பங்கு 30 சதவீதம் சரிந்தது என்றும், கோடை விடுமுறைத் தலங்களின் வரிசையில் முதலிடத்திலிருந்து 17ஆம் இடத்துக்கு இறங்கியது என்றும், ஆண்டு இழப்பு 140 கோடி டாலருக்கு மேல் என்றும் பின்னர் ஆய்வறிக்கை வந்தது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சுற்றுலா அலுவலகத்தைத் தொடங்கினார்கள்.

மலையும் பனியும் அங்கேயேதான் இருந்தன. நிதி மட்டுமே இல்லாமற்போயிற்று.

13 ஆகஸ்ட் 2025

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. அந்த ஆய்வைச் செய்த நிறுவனம் சுற்றுலா வாரியங்களுக்கு விளம்பர மதிப்பீடு செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டது. அதனால் எண்கள் பொய்யாகிவிடா. ஆனால் அவற்றைப் படிக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சரிவு கோடைப் பயணத்தில்தான் பெரிதாகத் தெரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊர் பெயரைக் கேட்டவுடன் போகத் தோன்றும் இடங்களுக்கு விளம்பரம் இல்லாவிட்டாலும் ஆள் வருகிறது. "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்று தயங்கி நிற்பவரைத்தான் விளம்பரம் இழுக்கிறது. அதாவது முதல் கேள்வியைக் கேட்டவரும் கொலராடோ அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. பழனி முதல் வகை. தாராசுரம், செட்டிநாடு, பிச்சாவரம், தரங்கம்பாடி ஆகியவை இரண்டாம் வகை.

2011இல் வாஷிங்டன் மாநிலமும் செலவுக் குறைப்புக்காகத் தன் சுற்றுலா அலுவலகத்தை மூடியது. அங்கே தொழில்முனைவோரே கூட்டமைப்பு அமைத்துச் சில ஆண்டுகள் சமாளித்தார்கள். 2018இல் தங்குமிடம், உணவகம், வாடகைக் கார் ஆகியவற்றின் விற்பனை வரியில் 0.2 சதவீதத்தை ஒதுக்கி ஒரு விளம்பர ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றினார்கள். நிதியை நிறுத்திய இரு மாநிலங்களுமே பிறகு ஏதோ ஒரு வழியில் அதைத் திரும்பக் கொண்டுவந்தன.

19 ஆகஸ்ட் 2025

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

டெக்சாஸில் விடுதி அறை வாடகை மீது மாநில வரி 6 சதவீதம். அந்த வரி வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுலா விளம்பரத்துக்கு என்று சட்டமே சொல்கிறது. அறைகள் நிரம்பினால் விளம்பர நிதி உயரும், காலியானால் குறையும். ஒரிகனில் 2003இல் 1 சதவீத மாநிலத் தங்கல் வரி வந்தது, 2016இல் 1.8 ஆக உயர்ந்து 2020இல் 1.5 ஆக இறங்கியது.

கலிபோர்னியா வேறு வழியில் போயிற்று. அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழில்முனைவோர் வாக்களித்துத் தங்கள் மீது தாங்களே ஒரு கட்டணத்தை விதித்துக்கொண்டார்கள். விடுதிகள், உணவகங்கள், கேளிக்கைப் பூங்காக்கள், வாடகைக் கார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் சுற்றுலா வருவாய்க்கு ஏற்பக் கட்டுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுவாக்கெடுப்பு நடத்தி, தொடர வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் வாக்குக்கு எடை அதிகம் என்பது அதன் குறை. பணம் கட்டியவன் "என் பணம் என்ன ஆயிற்று?" என்று கேட்கிறான் என்பது அதன் பலம்.

நம் ஊரில் விடுதி உரிமையாளர் சங்கக் கூட்டங்களில் நான் கேட்டிருக்கிறேன்: அரசு விளம்பரம் செய்வதில்லை என்ற குறை எல்லாருக்கும் உண்டு, ஆனால் அறைக்கு இரண்டு ரூபாய் வீதம் நாமே பொது நிதி திரட்டுவோமா என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதிக்கும் காரணம் உண்டு. ஏற்கெனவே வரி கட்டுகிறோம், அதில் ஒரு பங்கு ஏன் எங்களுக்குத் திரும்பவில்லை என்பது அவர்களின் நியாயமான கேள்வி.

20 ஆகஸ்ட் 2025

"அப்படியானால் தமிழ்நாடும் ஒரு தங்கல் வரி போடலாமே" என்று எழுதியவருக்கு: போட முடியாது.

முன்பு போட்டோம். விடுதிகளுக்கான ஆடம்பர வரிச் சட்டம் 1981லேயே இங்கே வந்தது. ஆனால் ஜிஎஸ்டிக்கு வழிவகுத்த 101ஆம் அரசமைப்புத் திருத்தம், மாநிலங்களின் அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலின் 62ஆம் பதிவை மாற்றி எழுதியது. ஆடம்பர வரி போடும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து நீங்கியது. உள்ளாட்சி அமைப்புகள் விதித்து வசூலிக்கும் கேளிக்கை வரி மட்டும் மிஞ்சியது. 2017 ஜூலை முதல் அறை வாடகை மீதான வரி என்பது ஜிஎஸ்டி மட்டுமே. விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி மன்றம். ஆகவே டெக்சாஸ் வழியும் ஒரிகன் வழியும் சட்டப்படி நமக்கு அடைபட்டவை.

ஆனால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் தங்கல் சேவை வழங்கப்பட்டதாக ஜிஎஸ்டி சட்டம் கொள்கிறது. டில்லியிலிருந்து வந்தவர் மதுரையில் தங்கினாலும் வரியில் பாதி தமிழ்நாட்டுக்கே வரும். ரூ. 3,000 வாடகையுள்ள அறைக்கு இப்போதைய 12 சதவீதத்தில் வரி ரூ. 360. அதில் மாநிலப் பங்கு ரூ. 180. புதிய வரி எதுவும் இல்லாமல், அந்த மாநிலப் பங்கில் பத்தில் ஒரு பகுதிக்கு ஈடான தொகையை, அதாவது இந்த அறைக்கு ரூ. 18ஐ, ஆண்டுதோறும் சுற்றுலா நிதிக்கு ஒதுக்குவோம் என்று மாநில அரசு முடிவு செய்யலாம். அதற்கு மன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. சட்டமன்றத்தின் ஒப்புதல் போதும். நான் இந்த இழையில் சொல்ல விரும்புவது இதைத்தான்: தங்கல் கூடினால் கூடவும் குறைந்தால் குறையவும் செய்யும் ஒரு நிதி, அதன் செலவை முடிவு செய்யும் இடத்தில் தொழிலில் இருப்பவர்களுக்கும் உள்ளாட்சிக்கும் நாற்காலி.

27 ஆகஸ்ட் 2025

வெளிநாட்டுக் கண்காட்சிகளால் என்ன பயன் என்று மறுபடி கேட்கப்பட்டிருக்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன்.

பயணச் சந்தை என்பது பொதுமக்களுக்கான பொருட்காட்சி போன்றதன்று. ஒரு பக்கம் விற்பவர்கள்: விடுதிகள், படகு வீடுகள், எங்களைப் போன்ற ஏற்பாட்டாளர்கள். மறுபக்கம் வாங்குபவர்கள்: பிற நாடுகளிலும் பிற மாநிலங்களிலும் பயணத் திட்டம் விற்கும் முகவர்கள். அவர்களுடைய விமானச் செலவையும் தங்கும் செலவையும் சந்தையை நடத்துபவர்களே ஏற்கிறார்கள். பதிலுக்கு, முன்கூட்டிக் குறிக்கப்பட்ட சந்திப்புகளை அவர்கள் தவறாமல் முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பேசி மணி அடித்தால் அடுத்த மேசை. கொச்சியில் 2000ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கேரளப் பயணச் சந்தையில், குமரகத்தில் நான்கு அறை வைத்திருக்கும் வீட்டுக்காரரும் பெரிய சங்கிலி விடுதியின் மேலாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து வியாபாரம் பேச முடிகிறது. தொழில்முனைவோரின் சங்கம் நடத்துகிறது, அரசு கைகொடுக்கிறது.

அடுத்தது, முகவர்களை நேரில் அழைத்து இடங்களைக் காட்டும் பயணம். தொழிலில் 'ஃபேம் டூர்' என்போம். அப்படி வந்த ஒரு குழுவோடு நான் தஞ்சைப் பகுதியில் சென்றபோது, பெரிய கோயிலின் விமானத்தைப் பற்றி அவர்கள் கேட்டவை சில கேள்விகளே. அதைப் பற்றி ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தார்கள். அடுத்தடுத்துக் கேட்டது வேறு: இரண்டு ஊர்களுக்கு இடையே நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது, வழிகாட்டிக்கு ஜெர்மன் தெரியுமா, மூட்டுவலி உள்ளவர் எத்தனை படி ஏற வேண்டும், இரவில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை, அறையில் இரண்டு தனிக் கட்டில் போட முடியுமா. முதல் கேள்வியைக் கேட்டவர் விளம்பரத்தையும் கழிப்பறையையும் எதிரெதிராக நிறுத்தினார். அந்தப் பேருந்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கழிப்பறைக்குப் பதில் சொல்ல முடியாத மாநிலத்தின் விளம்பரத்தை எந்த முகவரும் தன் வாடிக்கையாளரிடம் நீட்ட மாட்டார்.

30 ஆகஸ்ட் 2025

நிதி உதவி என்ற பெயரில் கிடைப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். கண்காட்சிக்குச் செல்லும் சிறு நிறுவனத்துக்கு அரங்கச் செலவிலும் பயணச் செலவிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்கள் மத்திய அரசிடம் உண்டு. விடுதி கட்டுவோருக்கு மூலதன மானியம் தரும் திட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு. எல்லாமே பெரும்பாலும் 'முதலில் நீ செலவு செய், பிறகு ரசீது கொடு' என்ற முறை. ஒருமுறை அப்படிச் சென்று வந்து விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகம் அசல் விமானச் சீட்டின் கிழிபகுதி கேட்டது. விமான நிறுவனமோ கைபேசியில்தான் சீட்டு அனுப்பியிருந்தது. பணம் வந்து சேர்ந்தபோது அடுத்த பருவமே தொடங்கிவிட்டது. பெரிய நிறுவனம் இந்தக் காத்திருப்பைத் தாங்கும். நான்கு அறை வீட்டுக்காரரால் தாங்க முடியாது, அதனால் அவர் விண்ணப்பிப்பதே இல்லை. உதவி யாருக்காக அறிவிக்கப்பட்டதோ அவர்களைத் தவிர்த்து மற்றவர்களிடம் போய்ச் சேர்கிறது.

2023 செப்டம்பரில் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி வழங்கியதை நான் மனமார வரவேற்றேன். ஆனால் தொழில் தகுதி என்பது தானாக எதையும் கொடுத்துவிடாது. மின் கட்டணம், சொத்து வரி, நில வகை மாற்றம், வங்கிக் கடன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறை தனித்தனியாக ஆணை பிறப்பித்தால்தான் ஒரு விடுதி உரிமையாளர் அதைத் தன் மாதச் செலவில் உணர்வார்.

5 செப்டம்பர் 2025

ஆகஸ்ட் 20 கணக்கைத் திருத்த வேண்டிய செய்தி வந்துவிட்டது. செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம், நாளொன்றுக்கு ரூ. 7,500 வரையுள்ள அறைகளின் வரியை 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. உள்ளீட்டு வரி வரவு, அதாவது விடுதி தான் வாங்குபவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. பயணிக்கு நல்ல செய்தி. ஆனால் நான் சொன்ன ரூ. 3,000 அறையில் மாநிலப் பங்கு ரூ. 180இலிருந்து ரூ. 75 ஆகிறது. பத்தில் ஒரு பகுதி என்றால் ரூ. 7.50. விடுதிக்காரர் இனி உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் அரசின் உண்மையான இழப்பு இந்த வித்தியாசத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் வரித் தொகையோடு நிதியைக் கட்டிவைத்தால் டில்லியில் எடுக்கும் ஒரு முடிவு இங்கே விளம்பர நிதியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும் என்பது தெளிவாகிவிட்டது. அதில் நம் சுற்றுலாவின் ஏற்றமோ இறக்கமோ எதுவும் இல்லை.

ஆகவே வரித் தொகையை விட்டுவிட்டு வாடகை வருவாயையே அடிப்படையாகக் கொள்வது மேல் என்று இப்போது எண்ணுகிறேன். ஜிஎஸ்டி படிவங்களில் தெரியும் மாநிலத்தின் மொத்த அறை வாடகையில் அரை சதவீதத்துக்கு ஈடான தொகை என்று வைத்தால், ரூ. 3,000 அறைக்கு ரூ. 15. விகிதம் மாறினாலும் இது மாறாது.

6 செப்டம்பர் 2025

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆண்டு வருவாய் ரூ. 20 இலட்சத்துக்கு உட்பட்ட விடுதிகள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. கோயில் வளாகத்தில் நாள் வாடகை ரூ. 1,000க்குக் கீழ் உள்ள அறைகளுக்கு வரிவிலக்கு உண்டு. மடங்களும் சத்திரங்களும் கணக்கிலேயே வரமாட்டா. அதாவது எந்த ஊர்களில் கூட்டம் மிக அதிகமோ அங்கே பதிவாகும் தங்கல் வருவாய் மிகக் குறைவாக இருக்கும். வருவாய் எங்கே வந்ததோ அங்கேயே செலவு என்று பகிர்ந்தால் சென்னையும் கோவையும் ஊட்டியும் பெற்றுக்கொள்ளும். திருச்செந்தூருக்கு எதுவும் மிஞ்சாது. திரட்டுவதற்கு ஓர் அளவுகோல், பகிர்வதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும்.

14 செப்டம்பர் 2025

"தொழில்காரர்களிடம் பணத்தையும் முடிவையும் கொடுத்தால் அவர்களே பங்குபோட்டுக்கொள்வார்கள்" என்ற கவலை நியாயமானது. புளோரிடாவில் 1996இல் அரசும் தனியாரும் சேர்ந்து விளம்பர நிறுவனம் ஒன்றை அமைத்தார்கள். பெரும்பகுதிப் பணம் அரசுடையது. பிட்புல் என்ற பாடகரோடு அது செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தத்தின் தொகையை வணிக இரகசியம் என்று சொல்லி வெளியிட மறுத்தது. சட்டமன்றத் தலைவர் வழக்குத் தொடுத்த பிறகு, 2016 டிசம்பரில் அந்தப் பாடகரே ஒப்பந்தத்தை வெளியிட்டார்: 10 இலட்சம் டாலர். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் அதன் நிதியும் வெட்டப்பட்டது. அந்த விளம்பரம் பயன் தந்ததா என்ற கேள்வியை எவரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. மறைத்ததே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டது. ஆகவே ஒப்பந்தத் தொகை அனைத்தும் பொதுவில் இருக்க வேண்டும் என்பதை நிதி அமைக்கும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஹவாயில் நடந்தது வேறு வகை. அங்கே தங்கல் வரியின் ஒரு பகுதி சுற்றுலா ஆணையத்துக்கு நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் பெருகப் பெருக நிதியும் பெருகிற்று. கடற்கரைகளிலும் சாலைகளிலும் நெரிசல் தாங்காமல் உள்ளூர் மக்கள் பொறுமை இழந்தார்கள். 2021இல் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, அந்த நேரடிப் பங்கை நிறுத்தியது. இவ்வாண்டு அதே வரியை 0.75 புள்ளி உயர்த்தி, 2026 ஜனவரி முதல் வரும் கூடுதல் தொகையைச் சூழல் பாதுகாப்புக்கு என்று சட்டம் செய்திருக்கிறார்கள். தங்கல் கூடினால் நிதி கூடும் என்ற என் யோசனைக்கு இது வலுவான மறுப்பு. கூட்டம் தாங்காத ஊருக்கு இன்னும் கூட்டம் சேர்க்க அந்நிதி தூண்டுகோலாகிவிடலாம்.

24 செப்டம்பர் 2025

ஹவாயைப் படித்துவிட்டு ஊட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. இந்தக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பே வந்துவிட்டது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மேட்டுப்பாளையம் சாலையில் மே மாதம் மாட்டிக்கொண்ட எவருக்கும் இதன் தேவை புரியும். இப்படி வரம்பு விதிக்கப்பட்ட ஊருக்காக அதே மாதங்களில் அரசு ஒரு ரூபாய் விளம்பரமும் செய்யக்கூடாது. அங்கே வரும் நிதி வாகன நிறுத்துமிடத்துக்கும் கழிவு மேலாண்மைக்கும் மழைக்காலப் பயணத்தை ஊக்குவிப்பதற்கும் போகட்டும்.

ஒரிகன் சட்டம் உள்ளூர் அமைப்புகள் புதிதாக விதிக்கும் தங்கல் வரியில் குறைந்தது 70 சதவீதத்தைச் சுற்றுலாவுக்கே செலவிடச் சொல்கிறது. கடற்கரைச் சிற்றூர்கள் பல ஆண்டுகளாக அதைத் தளர்த்தக் கோருகின்றன: கோடையில் மக்கள்தொகை பல மடங்காகும்போது காவலுக்கும் தீயணைப்புக்கும் பணம் போதவில்லை என்கிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. விளம்பரம், பராமரிப்பு என்று நிதியை மேலிருந்தே விகிதம் பிரித்து எல்லா ஊருக்கும் ஒன்றாகக் கட்டிவைக்கக்கூடாது. கூட்டம் வழியும் ஊருக்குப் பராமரிப்பு, அறைகள் காலியான ஊருக்கு விளம்பரம் என்று ஊருக்கு ஊர் மாற வேண்டும்.

2 அக்டோபர் 2025

விளம்பரம் இழுத்தால்தான் ஆள் வரும் இரண்டாம் வகை ஊருக்கு உதாரணம் கேட்டவருக்குச் செஞ்சியைச் சொல்வேன். இந்த ஜூலையில் மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. திருவண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் மறுநாள் செஞ்சிக்குச் சென்று ஓர் இரவு தங்கினாலே அந்த ஊரின் பொருளாதாரம் மாறும். ஆனால் நான் குழுக்களை அழைத்துச் செல்லும்போது அங்குள்ள ராஜகிரிக் கோட்டை மலையை ஏறி இறங்கிய களைப்போடு அவர்களை மறுபடி வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்கோ திருவண்ணாமலைக்கோ கொண்டுபோகிறேன். வெளிநாட்டுக் குழு எதிர்பார்க்கும் வகையிலான அறைகள் செஞ்சியில் எனக்குப் போதிய அளவில் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற வழிகாட்டியை வெளியூரிலிருந்து கூட்டிச் செல்கிறேன்.

இங்கே ஒரு கோடி ரூபாயைப் படமெடுத்து விமான நிலையத்தில் ஒளிபரப்பச் செலவிடலாம். அல்லது உள்ளூர் இளைஞர்கள் முப்பது பேருக்கு வழிகாட்டிப் பயிற்சி, வீட்டில் இரண்டு அறை ஒதுக்க முன்வரும் குடும்பங்களுக்கு முன்பணமாகவே தரப்படும் மானியம், கிரிவல நாட்களில் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் செஞ்சிக்கு நேர்ப் பேருந்து என்று செலவிடலாம். பின்னதற்குப் பிறகே முன்னது என்பது என் முடிவு. முதலில் கேள்வி கேட்டவரோடு இந்த இடத்தில் நான் முழுமையாக உடன்படுகிறேன்.

9 அக்டோபர் 2025

என்னதான் செய்ய வேண்டும் என்று சுருக்கமாகக் கேட்கிறார்கள். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் மாவட்டவாரியாகச் சராசரித் தங்கல் இரவுகளையும் மாதவாரியாக அறை நிரம்பும் விகிதத்தையும் வெளியிடக் கேட்க வேண்டும் என்று அதில் கோரியிருக்கிறேன். தமிழ்நாட்டில் பதிவான மொத்த அறை வாடகை எவ்வளவு, அதில் அரை சதவீதம் எவ்வளவு என்பதை வணிகவரித் துறையிடமிருந்து பெற்று அவையில் வைக்கவும் கேட்டிருக்கிறேன். நிதி அமைப்பது பிறகு பேச வேண்டியது. அந்தத் தொகை இப்போதைய விளம்பர ஒதுக்கீட்டைவிடக் கூடுதலா குறைவா என்பது தெரியாமல் அதைப் பற்றி வாதாடுவதில் பொருள் இல்லை. உங்கள் ஊர் உறுப்பினருக்கும் எழுத விரும்புபவர்கள் இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.